ஒரே தேதியில் இத்தனை பேரா? நவம்பர் 7-ஐ வைத்து ஓர் எளிய விளக்கம்

நவம்பர் 7 என்ற தேதியைத் தேடிப் பார்த்தால் என்னென்ன வருகிறது பாருங்கள். 1867-இல் அன்று வார்சாவில் மேரி கியூரி பிறந்தார். 1878-இல் வியன்னாவில் லீஸ மைட்னர் பிறந்தார். அணுக்கருப் பிளவு எப்படி நடக்கிறது என்று முதலில் விளக்கிச் சொன்ன இருவரில் ஒருவர் அவர். 1888-இல் திருச்சிராப்பள்ளியில் சி.வி. ராமன். மூவரும் இயற்பியலாளர்கள். கமல்ஹாசன் பிறந்ததும் 1954-இல் இதே தேதியில்தான். பிறப்புகள் மட்டுமல்ல. கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபர் ரங்கூனில் கைதியாகவே கண்ணை மூடியது 1862 நவம்பர் 7. ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தது 1917 நவம்பர் 7. அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்குபாலம் காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்தது 1940 நவம்பர் 7.

"இத்தனையும் ஒரே நாளிலா!" என்று வியப்பு வருவது இயல்பு. எனக்கும் இந்த மாதிரிப் பட்டியல்கள் மேல் தீராத ஆசை உண்டு. ஆனால் வியந்து முடித்த கையோடு ஒரு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: இவை ஒவ்வொன்றும் இந்தத் தேதிக்கு எப்படி வந்து சேர்ந்தன? சில தற்செயலாக வந்தவை. சில சட்டம் போட்டு வந்தவை. சிலவற்றை யாரோ வேண்டுமென்றே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். இன்னும் சில, நாட்காட்டியை மாற்றியதால் நகர்ந்து வந்தவை. எது எந்த வழியில் வந்தது என்று தெரிந்தால் பட்டியலைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

அதற்கு முன்னால் 'ஒரே நாள்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம். சார்லஸ் டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 அன்று பிறந்தவர்கள். ஆண்டும் ஒன்று, தேதியும் ஒன்று. உண்மையிலேயே ஒரே நாளில் பிறந்தவர்கள். கியூரியும் ராமனும் அப்படி இல்லை. இடையில் 21 ஆண்டுகள். அவர்களுக்குப் பொதுவானது மாதமும் எண்ணும் மட்டும்தான். ராமன் பிறந்தபோது, பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் கியூரி பிறந்தபோது இருந்த இடத்துக்கு ஏறத்தாழத் திரும்பி வந்திருந்தது. அதைத் தாண்டி அந்த இரண்டு நாட்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'வரலாற்றில் இன்று' என்று நாம் படிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

தற்செயல் எவ்வளவு சாதாரணம்

உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. அதை 365-ஆல் வகுத்தால் ஒவ்வொரு தேதிக்கும் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேர் வருவார்கள். இன்று உங்களுக்குப் பிறந்தநாள் என்றால், ஒரு பெரிய மாநகரத்து ஜனத்தொகை அளவுக்கு ஆட்கள் உங்களோடு சேர்ந்து கொண்டாடுகிறார்கள்.

இது எளிதாகப் புரிகிறது. அடுத்த கணக்குதான் பலரை ஏமாற்றும். ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தால், அவர்களில் யாரோ இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு? 180 என்று சொல்லத் தோன்றும். சரியான விடை 23.

எப்படி என்று பார்ப்போம். முதல் ஆள் உள்ளே வருகிறார். இரண்டாமவர் அவரோடு மோதாமல் இருக்க, 365 நாட்களில் மீதி 364-இல் ஒன்றில் பிறந்திருக்க வேண்டும். மூன்றாமவருக்கு 363 நாட்கள்தான் காலியாக இருக்கின்றன. நான்காமவருக்கு 362. இந்த விகிதங்களை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போங்கள். 23-ஆவது ஆள் வரும்போது, யாருமே மோதாமல் இருக்கும் வாய்ப்பு 49.3 சதவீதமாகக் குறைந்துவிடும். அதாவது எங்கோ ஒரு ஜோடி பொருந்துவதற்கு 50.7 சதவீதம். 57 பேர் இருந்தால் அது 99 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

நம் உள்ளுணர்வு இங்கே ஏன் தடுக்கி விழுகிறது? நாம் ஆட்களை எண்ணுகிறோம். எண்ண வேண்டியது ஜோடிகளை. 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருக்கின்றன, ஒவ்வொரு ஜோடிக்கும் பொருந்துவதற்கு ஒரு வாய்ப்பு. உங்கள் பிறந்தநாளோடு ஒத்துப்போகிறவர் ஒருவராவது வேண்டும் என்று கேட்டால் கதை வேறு; அப்போது பாதிக்கு மேல் வாய்ப்பு கிடைக்க உங்களைத் தவிர 253 பேர் தேவை. 'யாரோ இருவர்' என்பதற்கும் 'என்னோடு ஒருவர்' என்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது. (பிறப்புகள் எல்லா நாட்களிலும் சமமாக நிகழ்வதில்லை, சில மாதங்களில் கூடும். அதனால் பொருத்தத்தின் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் ஏறுமே தவிர இறங்காது.)

இப்போது நவம்பர் 7-க்குத் திரும்புவோம். நோபல் பரிசு பெற்றவர்களில் குறைந்தது ஐந்து பேர் இந்தத் தேதியில் பிறந்திருக்கிறார்கள்: கியூரி, ராமன், எழுத்தாளர் ஆல்பர்ட் கேமு, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ், நினைவாற்றலை ஆராய்ந்த எரிக் கேண்டல். 'அறிவாளிகள் பிறக்கும் நாள்' என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இதுவரை நோபல் பெற்ற தனிமனிதர்கள் ஆயிரத்தை ஒட்டி இருக்கிறார்கள். சராசரியாக ஒரு தேதிக்கு 2.7 பேர். முழுக்க முழுக்கக் குலுக்கல் முறையில் பிறந்தநாள்கள் விழுந்தாலே, ஆண்டில் ஏறத்தாழ 50 தேதிகளுக்கு ஐந்தோ அதற்கு மேலோ வரும் என்று எதிர்பார்க்கலாம். மழைத்துளி தரையில் விழும்போது எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் விழுவதில்லை. சில இடத்தில் கும்பலாக விழும். அது போலத்தான் இதுவும்.

அப்படியென்றால் கியூரி, மைட்னர், ராமன் மூவரும் ஒரே தேதியில் வந்ததில் சுவை இல்லையா? நிறைய இருக்கிறது. தேதிக்கு ஒரு சக்தியும் இல்லை என்றுதான் சொல்கிறேன். சுவை வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நகர்ந்து வந்த தேதிகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நாட்காட்டி மாறிய கதை தெரியாமல் பழைய தேதிகளை நம்பவே கூடாது.

ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டியில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் லீப் வருடம். அதன்படி ஓர் ஆண்டுக்கு 365.25 நாட்கள். உண்மையான ஆண்டு அதைவிட 11 நிமிடம் குறைவு. அற்பமான வித்தியாசம்தான், ஆனால் சேர்ந்துகொண்டே போகும். ஏறத்தாழ 128 ஆண்டுக்கு ஒரு முழு நாள் பிசகிவிடும். 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரெகோரி இதைச் சரிசெய்தார். அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. இனிமேல் 1700, 1800, 1900 போன்ற நூற்றாண்டு வருடங்கள் 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் வருடம் என்று விதி வந்தது.

எல்லா நாடும் உடனே மாறவில்லை. பிரிட்டன் 1752 வரை பழையதிலேயே இருந்தது. அங்கே செப்டம்பர் 2 படுத்து எழுந்தவர்களுக்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918-இல்தான் மாறியது. ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. ஆக, ஒரே சமயத்தில் பக்கத்து பக்கத்து நாடுகளில் இரண்டு தேதிகள் ஓடிக்கொண்டிருந்தன. இடைவெளி 1600-களில் 10 நாள், 1700-களில் 11, 1800-களில் 12, 1900-களில் 13.

ரஷ்யப் புரட்சிக்கு 'அக்டோபர் புரட்சி' என்று ஏன் பெயர் என்பது இப்போது விளங்கும். அங்கிருந்தவர்களின் சுவரில் அன்று அக்டோபர் 25. 13-ஐக் கூட்டினால் நவம்பர் 7. பெயர் பழைய தேதியிலேயே நின்றுவிட்டது, கொண்டாட்டம் புதிய தேதிக்குப் போய்விட்டது.

இதைவிடச் சுவாரஸ்யம் அந்தப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கியின் பிறந்தநாள். அவர் 1879 நவம்பர் 7 அன்று பிறந்தார் என்று இன்று எழுதுகிறோம். புரட்சி நாளும் அவர் பிறந்தநாளும் ஒன்றே! ஆனால் பழைய கணக்குப்படி அவர் பிறந்தது அக்டோபர் 26. 1879-இல் இடைவெளி 12 நாள், அதனால் நவம்பர் 7 ஆகிறது. புரட்சி நடந்தது அக்டோபர் 25. 1917-இல் இடைவெளி 13 நாள், அதனால் அதுவும் நவம்பர் 7. பழைய நாட்காட்டியில் ஒரு நாள் தள்ளி இருந்த இரண்டும் புதியதில் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டன. இந்தப் பொருத்தத்தைத் தானே மூன்று ஆண்டு கழித்துத்தான் கவனித்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

எல்லாப் பழைய தேதிகளையும் இப்படி மாற்றி எழுதுகிறார்களா என்றால், இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும். கடலோடி ஜேம்ஸ் குக் 1728-இல் இங்கிலாந்தில் பிறந்தபோது அங்கே தேதி அக்டோபர் 27. இன்று நவம்பர் 7 என்று 11 நாள் தள்ளி எழுதுகிறோம். ஆனால் அதே இங்கிலாந்தில் 'ஆக்ஸ்ஃபோர்டு கெஜட்' என்ற அரசிதழ் முதலில் அச்சானது 1665 நவம்பர் 7. லண்டனில் கொள்ளைநோய் பரவியதால் அரசவை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்த நேரம் அது. பிறகு 'லண்டன் கெஜட்' என்று பெயர் மாறி இன்றும் வெளிவருகிறது. இந்தத் தேதியை யாரும் மாற்றவில்லை. மாற்றினால் நவம்பர் 17 ஆகிவிடும்!

இன்னும் பின்னால் போனால் 1492 நவம்பர் 7. இன்றைய பிரான்ஸில் இருக்கும் என்சிஷைம் என்ற ஊரில் பெருத்த சத்தத்தோடு வானத்திலிருந்து ஒரு கல் கோதுமை வயலில் விழுந்தது. எடை 127 கிலோ. விழுந்ததைப் பார்த்தவன் ஒரு சிறுவன். ஊரார் ஓடிவந்து ஆளுக்கொரு துண்டாக உடைத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். பிறகு மீதியைத் தேவாலயத்தில் பத்திரப்படுத்தினார்கள். அந்த விண்கல்லின் பெரும் துண்டு இன்றும் அதே ஊரில் காட்சிக்கு இருக்கிறது. 1582-க்கு முந்திய தேதிகளை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். புதிய கணக்கில் அந்தக் கல் விழுந்தது நவம்பர் 16.

இப்போது யோசித்துப் பாருங்கள். குக், கெஜட், விண்கல் மூன்றும் ஒரே பட்டியலில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று நகர்த்தப்பட்டது, இரண்டு நகர்த்தப்படாதவை. அவற்றை ஒரே தேதி என்று சொல்வதற்கு எண்ணைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள் என்று அடிக்கடி கேள்விப்படுகிறோமே, அதுவும் இந்தக் குழப்பம்தான். ஸ்பெயின் அப்போது புதிய நாட்காட்டியில், இங்கிலாந்து பழையதில். ஸ்பெயின் கணக்கில் ஷேக்ஸ்பியர் இறந்தது மே 3. போதாக்குறைக்கு, செர்வான்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, அடக்கம்தான் 23 என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சட்டம் போட்டு வந்தவை, தேர்ந்தெடுத்து வைத்தவை

1916, 1944, 1972, 2000. இந்த நான்கு ஆண்டுகளிலும் அமெரிக்க அதிபர் தேர்தல் நவம்பர் 7 அன்று நடந்தது. பார்த்தால் புதிர் மாதிரி இருக்கும். 1845-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் அன்று தேர்தல். அப்படியானால் தேதி 2 முதல் 8-க்குள் மட்டுமே விழ முடியும். வாரத்துக்கு 7 நாள், லீப் சுற்றுக்கு 4 ஆண்டு; இடையில் 1900 போல லீப் விடுபடும் நூற்றாண்டு வருடம் வராத வரை, 7 × 4 = 28 ஆண்டுக்கு ஒரு முறை தேதியும் கிழமையும் அச்சுப் பிசகாமல் திரும்பி வரும். மேலே உள்ள நான்கு எண்களுக்கும் இடைவெளி 28தான். 2028-லும் நவம்பர் 7 செவ்வாய்க்கிழமை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண், ஜெனெட் ராங்கின், 1916-இன் அந்தத் தேர்தலில்தான் வென்றார். நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வருவதற்கு நான்கு ஆண்டு முன்னால்.

அப்புறம், ஒரு தேதி ஒரு முறை பெரிதாகிவிட்டால் அது மற்றவற்றையும் இழுக்கும். 1941-இல் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் புரட்சி நாளன்று செஞ்சதுக்கத்தில் பனியில் அணிவகுப்பு நடந்தது. அங்கிருந்தே வீரர்கள் போர்முனைக்குப் போனார்கள். 1941 நவம்பர் 7-ஐப் பட்டியலில் பார்க்கும்போது அது 1917-இன் நிழல் என்று புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாளை நவம்பர் 7 அன்று வைத்ததும் கியூரியின் பிறந்தநாள் என்பதால்தான். இவை தற்செயல் அல்ல, நினைவுகூரல்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது?

இன்னொரு சிக்கல், தேதியே சரிதானா என்பது. மைட்னரின் பிறப்பு வியன்னா யூதச் சமூகப் பதிவேட்டில் நவம்பர் 17 என்று இருக்கிறது. மற்ற ஆவணங்கள் எல்லாவற்றிலும் 7. அவரும் 7 என்றே வைத்துக்கொண்டார். ஒரு '1' கூடியதா குறைந்ததா என்பதில் மூன்று இயற்பியலாளர்கள் இரண்டாகிவிடுவார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆவணத்தில் ஜனவரி 1 என்று போடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அதனால் அந்த நாளில் 'பிறந்தவர்கள்' கூட்டம் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

இடமும் கணக்கில் வரும். டகோமா பாலம் திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று காற்று மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகம், பெரும் புயல் என்று சொல்ல முடியாது. பாலத்தின் தளம் இரு பக்கமும் மாறிமாறிச் சாய்ந்து முறுக்கியது. நடுவில் சிக்கிய காரிலிருந்து ஓட்டிவந்தவர் தவழ்ந்து தப்பினார். உள்ளே அவர் மகளின் நாய், டப்பி. மீட்கப் போன பேராசிரியரைப் பயத்தில் அது கடித்துவிட்டது. காலை 11 மணி வாக்கில் நடுப்பகுதி தண்ணீரில் விழுந்தபோது உயிர்விட்டது அந்த நாய் மட்டும்தான். அந்த நேரத்தில் டோக்கியோவில் விடியற்காலை 4 மணி, தேதி நவம்பர் 8. நாம் நவம்பர் 7 என்று சொல்வது பாலம் இருந்த ஊரின் கடிகாரத்தை வைத்து.

பட்டியலைக் குறுக்கே படிப்பது

சரி, தேதிக்குச் சக்தி இல்லை, எண்ணும் நிலையில்லை என்றால் இந்தப் பட்டியல்களை எதற்குப் படிக்க வேண்டும்? நான் ஒரு வேலை செய்வேன். மேலிருந்து கீழாகப் படிக்காமல், ஏதாவது ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டு, அந்த நாளில் மற்றவர்களுக்கு என்ன வயது, எங்கே இருந்தார்கள் என்று பார்ப்பேன். முதலில் சொன்ன சுவை இங்கேதான் இருக்கிறது.

1862 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் ஜாபர் இறக்கிறார். அவர் கல்லறை வழிபாட்டு இடமாகிவிடக் கூடாது என்று ஆங்கிலேயர்கள் அன்றே அடையாளம் தெரியாமல் புதைத்துவிடுகிறார்கள். 1991-இல் தோண்டும்போதுதான் அது கண்ணில் பட்டது. அந்த அடக்கம் நடந்து சரியாக ஐந்து ஆண்டில் வார்சாவில் கியூரி பிறக்கிறார். முகலாயப் பேரரசும் கதிரியக்க ஆய்வும் நம் மனதில் வேறு வேறு யுகங்கள். இடையில் ஐந்தே ஆண்டு.

1888-ஐ எடுங்கள். ராமன் பிறந்த அன்று கியூரிக்கு 21 முடிகிறது. கல்லூரிக்குப் போக வழியில்லாமல், அக்காவின் பாரிஸ் படிப்புக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, போலந்து கிராமம் ஒன்றில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். வியன்னாவில் மைட்னருக்கு 10 வயது; அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை.

1917-க்கு வந்தால் ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் ஆட்சி கை மாறுகிறது. அன்று கியூரிக்கு 50. இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், பிரான்ஸில் முதல் உலகப் போரின் போர்முனை மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே வண்டிகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். எதிரி நாட்டுத் தலைநகர் பெர்லினில் மைட்னருக்கு 39. கல்கத்தாவில் ராமனுக்கு 29. அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு அந்த ஆண்டுதான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகியிருக்கிறார். அல்ஜீரியாவில் கேமுவுக்கு 4. அவர் அப்பா அந்தப் போரில் இறந்து மூன்று ஆண்டு ஆகிறது.